பென்சில் கணக்கு

பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி வரும் பிள்ளையிடம், எழுதும்போது பென்சில் உடைந்ததா, பேனா உடைந்ததா என்று விசாரித்துக்கொண்டிருக்கலாமா? ரிசல்ட்தானே முக்கியம்?

கேட்டவர் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங். கேட்ட இடம் மக்களவை. நாள் 2025 ஜூலை 28. மே மாதம் நடந்த ஆபரேஷன் சிந்தூரில் நம் தரப்பில் எத்தனை விமானங்கள் போயின என்று எதிர்க்கட்சிகள் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது. அரசியலுக்கு வரும் முன் மிர்சாபூரில் ஃபிசிக்ஸ் வாத்தியாராக இருந்தவர். பரீட்சை உதாரணம் தானாக வந்து விழுந்திருக்கும்.

நான் பி.காம். படித்தவன். எங்கள் வாத்தியார்கள் வேறு மாதிரி. பென்சில் வாங்கினால் ஸ்டேஷனரி செலவு, அந்த வருஷமே எழுதித் தீர்த்துவிடலாம். மெஷின் வாங்கினால் அது நிரந்தரச் சொத்து. ரிஜிஸ்டரில் ஏற வேண்டும், வருஷா வருஷம் தேய்மானம் போட வேண்டும், காணாமல் போனால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 2016 செப்டம்பரில் 36 ரஃபேல் விமானங்களுக்கு நாம் ஒப்புக்கொண்ட தொகை 787 கோடி யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் 59,000 கோடி ரூபாய். ஆயுதம், உதிரிபாகம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 1,600 கோடிக்கு மேல். நல்ல விலை உயர்ந்த பென்சில்தான். (விழுந்தது ரஃபேலா, வேறு ஏதாவதா, எத்தனை? அமைச்சர் அன்று சொல்லவில்லை. நானும் ஊகிக்கப்போவதில்லை.)

சண்டை நடக்கும்போது எண்ணிக்கை சொல்லக் கூடாது என்றால் புரிகிறது. எதிரிக்குத் தகவல் போகும். ஆனால் சண்டை முடிந்து இரண்டரை மாதம் கழித்து, நாடாளுமன்றத்தில், பென்சில் கதை? கார்கில் சண்டையின்போது 1999 மே 27-ம் தேதி ஒரு மிக்-21, ஒரு மிக்-27 போயின. மறுநாள் ஒரு எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் போனது. அப்போது யுத்தம் உச்சத்தில் இருந்தது. ஆனாலும் அரசு உடனுக்குடன் சொன்னது. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

இந்த முறை நடந்த வேடிக்கையை வரிசையாகப் பாருங்கள். மே 31-ம் தேதி சிங்கப்பூரில், முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் அனில் சௌகான், ஒரு வெளிநாட்டு டி.வி.யிடம் விமான இழப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். எத்தனை என்பதைவிட ஏன் என்பதே முக்கியம், தவறைத் திருத்திக்கொண்டு மறுபடி பறந்தோம் என்றார். ஜூன் 10-ம் தேதி ஜகார்த்தாவில் ஒரு கருத்தரங்கம். நம் தூதரகத்தின் பாதுகாப்பு அதிகாரியான கடற்படை கேப்டன் ஒருவர், ஆரம்பத்தில் பாகிஸ்தானின் ராணுவ நிலைகளைத் தொடக் கூடாது என்று அரசியல் தலைமை கட்டுப்பாடு போட்டிருந்ததால்தான் சில விமானங்களை இழந்தோம் என்று பேசிவிட்டார். அந்தப் பேச்சு மாதக் கடைசியில் வெளியே வந்து ரகளையானதும் தூதரகம் விளக்கம் தந்தது. அவர் சொன்னது திரித்துக் காட்டப்பட்டதாம். பக்கத்து நாடுகள் சிலவற்றைப்போல் இல்லாமல் இந்தியப் படைகள் சிவிலியன் அரசியல் தலைமையின் கீழ் இயங்குகின்றன என்பதைத்தான் அவர் சொல்ல வந்தாராம். ஆகஸ்ட் 9-ம் தேதி பெங்களூரில் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் பேசினார். எங்களுக்கு யாரும் கட்டுப்பாடு போடவில்லை, முழுச் சுதந்திரம் இருந்தது என்றார்.

கடற்படை கேப்டன் ஒன்று சொல்கிறார். விமானப்படைத் தளபதி வேறொன்று சொல்கிறார். தலைமைத் தளபதி சிங்கப்பூரில் டி.வி.க்குச் சொன்னதை, நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய அவையில் அமைச்சர் சொல்லவில்லை. சிவிலியன் தலைமை என்றால் என்ன அர்த்தம்? சீருடைக்காரர்கள் சிவிலியன்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், அந்த சிவிலியன்கள் நமக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் பாதி நம் நாட்டில் ஒழுங்காக நடக்கிறது. தடுக்கி விழுவது இரண்டாவது பாதி.

உடுமலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, ரிட்டையர்டு ஸ்பின்னிங் மாஸ்டர் ஒருவர் டீ கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டார்:

“ஏனுங்க தம்பி, நூலு ஓட்டத் தெரியாதவன் மில்லு நடத்துனா என்னாகுமுங்க? டெல்லியில அதே கதைதான். ப்ளேனுன்னா என்னன்னே தெரியாத ஆளுக ப்ளேன் படைக்கு எசமானுங்க. பேசாம மிலிட்டரிக்காரன் கையிலயே உட்டுட்டா என்ன?”

“ஏனுங்ணா, உங்க மில் முதலாளிக்கு ரிங் ஃப்ரேம் ஓட்டத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“பின்ன எப்படி இத்தனை வருஷம் நடத்தினாரு?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “கணக்கு தெரியுமுங்க. பஞ்சு எப்ப வாங்கோணும்னு தெரியும். மெஷினு மாத்தோணும்னு நான் போயிச் சொன்னா, சரின்னோ முடியாதுன்னோ அன்னிக்கே ஒரு பதிலு வந்துருமுங்க.”

அந்த ‘அன்னிக்கே’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிலிட்டரிக்காரர்கள் கையிலேயே விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து நாடே சாட்சி. கார்கிலில் மலை உச்சிகளைப் பிடிக்கும் திட்டத்தை முஷரஃபும் சில ஜெனரல்களும் போட்டார்கள். தங்கள் சொந்த விமானப்படையிடமே முன்கூட்டி முறையாகச் சொல்லவில்லை. இதைப் பின்னாளில் எழுதியவர்கள் பாகிஸ்தான் விமானப்படையில் இருந்தவர்களே. நாலு பேர் ஒரு அறையில் முடிவெடுத்து, எதிர்க்கேள்வி கேட்க சிவிலியன் எவரும் இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும். அதனால் பைலட்தான் மந்திரியாக வேண்டும் என்ற வாதத்தை இத்தோடு ஓரங்கட்டுவோம். நம் விஷயம் வேறு. சிவிலியன் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், சரி. பதில் வருகிறதா?

ஒரு தரம் வந்திருக்கிறது. 1965 செப்டம்பர் 1. சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் புகுந்துவிட்டன. மாலை நாலு மணி வாக்கில் ராணுவத் தளபதி சௌத்ரியும் விமானப்படைத் தளபதி அர்ஜன் சிங்கும் பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவான் அறைக்குப் போகிறார்கள். விமானத் தாக்குதலுக்கு அனுமதி வேண்டும். சவான் வக்கீலுக்குப் படித்தவர், மகாராஷ்டிர முதல்வராக இருந்தவர். விமானத்தில் பயணியாகத்தான் உட்கார்ந்திருப்பார். பிரதமரைக் கேட்டுச் சொல்கிறேன், கமிட்டியைக் கூட்டுகிறேன் என்றெல்லாம் இழுக்காமல் அங்கேயே சரி என்றார். 5.19-க்குப் பதான்கோட்டிலிருந்து விமானங்கள் கிளம்பிவிட்டன.

அன்று போன வாம்பயர் விமானங்களில் நான்கு திரும்பவில்லை. காலாவதியான விமானம். அந்தப் பாவம் சவானுடையது மட்டுமல்ல. பல வருஷங்களாகப் பழசை வைத்து ஒப்பேற்றியவர்கள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. சில நிமிஷத்தில் எடுத்த முடிவு சரியாக இருந்தாலும், பல வருஷம் எடுக்காத முடிவுக்கு யாரோ உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சவான் கதையைச் சொல்பவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுவார்கள்.

அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1962-ல், பதிலே வரவில்லை. சீனப் படைகள் இறங்கி வந்தபோது நம் போர் விமானங்கள் தரையிலேயே நின்றன. சரக்கு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் மட்டும் உயிரைக் கொடுத்து ஓடின. நாம் குண்டு போட்டால் சீனா கல்கத்தா மேல் குண்டு போடும் என்ற பயம் டெல்லியில் இருந்தது. அமெரிக்கத் தூதர் கால்பிரெய்த்தும் வேண்டாம் என்றார். ஆனால் நவம்பர் 19-ம் தேதி நேரு, அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்குக் கடிதம் எழுதி 12 ஸ்க்வாட்ரன் சூப்பர்சானிக் போர் விமானங்கள் கேட்டார். சொந்த விமானத்தைக் கொட்டகையில் பூட்டி வைத்துவிட்டு அடுத்தவரிடம் விமானம் கேட்டது அந்தத் தலைமை. நேருவை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் இதற்கு வக்காலத்து வாங்க முடியவில்லை.

1999-ல் வாஜ்பாய் அரசு முதலில் தயங்கி, மே 25-ல் சரி என்றது. எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனையும் போட்டது. விமானப்படைக்கு அது பெரிய தொல்லை. தாக்க வேண்டிய மலைக்கு எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்பதைப் பைலட் தீர்மானிக்க முடியாது. ஆனால் உலக நாடுகள் நம் பக்கம் நின்றதற்கு அந்த நிபந்தனை ஒரு முக்கியக் காரணம். முடிவு சிவிலியனுடையது, விலை கொடுத்தவர்கள் பைலட்கள், காரணம் அப்போதே வெளியில் சொல்லப்பட்டது. எனக்கு இது ஏற்புடையது. 2025-ல் கட்டுப்பாடு போட்டிருந்தால் அதையும் இப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

யுத்தம் எப்போதோ வருவது. சிவிலியன் தலைமையின் தினசரி வேலை ஃபைல். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

விமானப்படையில் 1982-ல் ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் ஏர் மார்ஷல் லா ஃபோன்டேன். விபத்துகள் ஏன் இத்தனை, பயிற்சியை எப்படிச் சரி செய்வது என்று பார்க்க. கமிட்டி சொன்னது எளிமையான விஷயம். இளம் பைலட்கள் கிரண் போன்ற சாதுவான பயிற்சி விமானத்தில் பழகுகிறார்கள். அதிலிருந்து நேராக, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையிறங்கும் மிக்-21-ல் ஏற்றிவிடுகிறோம். நடுவில் ஒரு படி வேண்டும். நவீன ஜெட் பயிற்சி விமானம் ஒன்றை வாங்குங்கள்.

மொபெட் ஓட்டப் பழகிய பையனை நேராக டேங்கர் லாரியில் ஏற்றாதீர்கள் என்பது மாதிரி. இதற்குப் பெரிய ராணுவ அறிவு வேண்டாம்.

அந்த விமானத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தான தேதி 2004 மார்ச் 26. பிரிட்டனின் ஹாக் விமானம், 66. அவை பீதர் தளத்தில் முறைப்படி சேர்ந்தது 2008 பிப்ரவரி. கமிட்டி அமைத்ததிலிருந்து கையெழுத்துக்கு 22 வருஷம். அன்று பிறந்த குழந்தை அதற்குள் தானே பைலட் ஆகிவிடலாம். இடையில் பாதுகாப்பு அமைச்சர்களாக இருந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல். காங்கிரஸ், ஜனதா தளம், பி.ஜே.பி., சமாஜ்வாதி, சமதா எல்லாரும் உண்டு. நால்வர் பிரதமர் பதவியில் இருந்தபடியே இந்த இலாகாவையும் வைத்திருந்தார்கள். எந்தக் கட்சியையும் தனியாகத் திட்டும் வசதியை இந்த ஃபைல் தரவில்லை.

விலைப் பேச்சு, தொழில்நுட்ப மதிப்பீடு, மறுபடி விலைப் பேச்சு, நிதித்துறையின் கேள்வி, அதற்குப் பதில், பதிலுக்கு ஒரு கேள்வி. போஃபர்ஸ் வெடித்த பிறகு இன்னொரு நோய் சேர்ந்துகொண்டது. வாங்கினால் ஊழல் என்பார்கள், வாங்காவிட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒரு அதிகாரியின் இடத்தில் இருந்து யோசியுங்கள். கையெழுத்துப் போட்டால் பத்து வருஷம் கழித்து சி.பி.ஐ. கதவைத் தட்டலாம். ‘மேலும் பரிசீலிக்கவும்’ என்று எழுதினால் நிம்மதியாக பென்ஷன். வாங்காமல் விட்டதற்காக எந்த அதிகாரியும் கோர்ட் படி ஏறியதில்லை.

விலை என்ன? 2012 மே மாதம் ஏ.கே. அந்தோணி மாநிலங்களவையில் தந்த கணக்கு இது. வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விபத்தில் போயின. இறந்த பைலட்கள் 171 பேர், பொதுமக்கள் 39 பேர், பிற படைகளைச் சேர்ந்தவர்கள் 8 பேர். எல்லாமே பயிற்சிக் குறைவால் என்று சொல்ல மாட்டேன். இயந்திரக் கோளாறு, பறவை மோதல், மனிதத் தவறு எல்லாம் உண்டு. ஆனால் நடுவில் அந்த ஒரு படி இருந்திருந்தால் சிலராவது இன்று பேரப் பிள்ளைகளோடு இருந்திருப்பார்கள். எத்தனை பேர் என்று எந்த ஆடிட்டரும் பிரித்துக் காட்ட முடியாது. யாரும் தண்டிக்கப்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

2006-ல் ‘ரங் தே பசந்தி’ வந்தது நினைவிருக்கும். நம் மாதவன் மிக் விமானியாக வந்து இறந்துபோவார். நம் ரஹ்மான் இசை. விமானப்படை வருகிறது என்பதால் ரிலீசுக்கு முன்பே அன்றைய பாதுகாப்பு அமைச்சர் பிரணாப் முகர்ஜியும் தளபதிகளும் படத்தைப் பார்த்தார்கள். வெட்டாமல் விட்டார்கள், நல்ல காரியம். படத்தில் நண்பர்கள் ஊழல் மந்திரியைச் சுட்டுக் கொல்வார்கள். தியேட்டரில் கைதட்டல். எனக்கு அந்த இடத்தில் படத்தோடு தகராறு. உண்மைக் கதையில் அப்படி ஒரு வில்லனே கிடையாது. கெட்ட உதிரிபாகம் வாங்கி லஞ்சம் தின்ற ஒருவன் இருந்திருந்தால் வேலை சுலபம், பிடித்து உள்ளே போடலாம். இங்கே இருந்தது 22 வருஷ ஃபைல். அதில் கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள், சிலர் மகா யோக்கியர்கள். அந்தோணியின் கை சுத்தத்தை எதிரிகூட சந்தேகிக்க மாட்டான். 2007-ல் அவர் காலத்தில் 126 போர் விமானங்களுக்கு டெண்டர் விட்டார்கள். 2012 ஜனவரியில் ரஃபேலைத் தேர்வு செய்தார்கள். 2014-ல் அவர் வீட்டுக்குப் போகும்வரை ஒப்பந்தம் ஆகவில்லை. பின்னர் 36 மட்டும் வாங்கினோம்.

இத்தனைக்கும் நடுவில் நமக்குக் கிடைத்தவை போட்டோக்கள். 2003-ல் ஜார்ஜ் பெர்னாண்டஸ் சுகோயிலும் பிறகு மிக்-21-லும் பறந்தார். மிக்-21 பறக்கும் சவப்பெட்டி அல்ல என்று காட்டுவதற்காக, தன் எழுபத்து மூன்று வயதில். தைரியம்தான், மறுக்கவில்லை. 2006-ல் கலாம். 2009-ல் பிரதீபா பாட்டீல். 2018 ஜனவரியில் ஜோத்பூரிலிருந்து நிர்மலா சீதாராமன். 2019-ல் ராஜ்நாத் சிங் தேஜஸில். 2023-ல் பிரதமர் மோடியும் அதே தேஜஸில். எல்லாப் படத்திலும் ஹெல்மெட், உயர்த்திய கட்டை விரல். 2019 அக்டோபரில் பிரான்சில் முதல் ரஃபேலை வாங்கும்போது ராஜ்நாத் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். டெல்லி ஆங்கிலப் பத்திரிகைகள் சிரித்தன. எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. பழனி ரோட்டில் புது லாரி எடுக்கும் எவரும் செய்வதுதான். ஆனால் எங்கள் ஊர் லாரிக்காரர் பழம் வைப்பதோடு நிறுத்த மாட்டார். எஃப்.சி. தேதி, டயர் தேய்மானம், டிரைவர் தூங்கினானா என்பது வரை அன்றன்றைக்குப் பார்ப்பார்.

அமைச்சர் ஒரு தரம் பின் சீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் பறந்து வருவதில் படைக்கு ஒரு லாபமும் இல்லை. அருணாசலப் பிரதேசத்தில் எல்லையோரம் பறந்தபோது 1997 நவம்பர் 14-ல் ஹெலிகாப்டர் விழுந்து இறந்துபோன பாதுகாப்புத் துறை இணை அமைச்சர், தி.மு.க.வின் என்.வி.என். சோமு, போட்டோவுக்காகப் போகவில்லை. வேலையாகப் போனார். அவரை இன்று எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறோம்?

நம்மவர்கள் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாற்காலியில் தமிழர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்து சி. சுப்பிரமணியம் 1979 ஜூலைக் கடைசியில் வந்தார். அதே வாரத்தில்தான் முதல் ஜாகுவார்கள் அம்பாலாவில் இறங்கியிருந்தன. ஆறு மாதம்கூட இருக்கவில்லை, அரசு போய்விட்டது. பசுமைப் புரட்சி செய்த கைக்கு இங்கே அவகாசம் கிடைக்கவில்லை.

ஆர். வெங்கட்ராமனுக்குக் கிடைத்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், தொழிற்சங்க வக்கீல். 1982 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சர். அந்த அக்டோபரில் பிரான்சோடு மிராஜ்-2000 ஒப்பந்தம். மறு வருஷம் ஏவுகணைத் திட்டம். ஒவ்வொன்றாகச் செய்கிறோம் என்று வந்த கலாம் குழுவிடம், ஏன் ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும் சேர்த்தே செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பியவர் அவர். கலாமே எழுதியிருக்கிறார். அதே 1983-ல் 560 கோடி ரூபாயில் இலகு ரகப் போர் விமானத் திட்டத்துக்கும் அனுமதி. இரண்டரை வருஷத்தில் மூன்று பெரிய முடிவு. மிராஜ் 17 வருஷம் கழித்து டைகர் ஹில்லில் லேசர் குண்டு போட்டது. 37 வருஷம் கழித்து, 2019 பிப்ரவரி 26-ல், பாலாகோட்டுக்குப் போனதும் அதே மிராஜ்தான். அப்போது பாதுகாப்பு அமைச்சர் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். அவர் உத்தரவில் பறந்தது, வெங்கட்ராமன் காலத்துக் கொள்முதல். விமானப்படை மந்திரியின் வேலை இதுதான். பலன் அவர் காலத்தில் தெரியாது. பயிற்சி விமான ஃபைலும் 1982-ல்தான் பிறந்தது என்பதை அவர் கணக்கில் எழுதாமலும் விட முடியாது.

பாலாகோட்டுக்கு மறுநாள், பிப்ரவரி 27. ஸ்ரீநகர் பக்கம் புட்காமில் நம் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் விழுந்தது. விமானப்படையினர் ஆறு பேர், கீழே நின்ற ஒருவர், ஏழு உயிர். சுட்டது நம் ஏவுகணையே. இதை நாட்டுக்கு வெளிப்படையாகச் சொன்னவர் அக்டோபர் 4-ம் தேதி புதுத் தளபதி பதௌரியா. பெரிய தவறு என்று ஒப்புக்கொண்டார். நடுவில் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு பொதுத்தேர்தல் நடந்து முடிந்திருந்தது. அமைச்சர்கள் பாலாகோட்டைப் பற்றி மேடை மேடையாகப் பேசினார்கள். புட்காமைப் பற்றிப் பேசவில்லை. வெற்றியை அறிவிப்பது மந்திரி, தவறை அறிவிப்பது தளபதி. இது எந்த ஊர் தலைமை?

அமெரிக்காவில் விமானப்படைக்கென்றே தனியாக ஒரு சிவிலியன் செயலாளர் உண்டு, 1947-லிருந்து. செனட் விசாரித்துத்தான் நியமனம். 2007-ல் ஒரு பி-52 விமானம் ஆறு அணு ஏவுகணைகளைத் தெரியாமலே சுமந்துகொண்டு ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் பறந்துவிட்டது. பின்னர் அணு ஏவுகணையின் பாகங்கள் தப்பாகத் தைவானுக்குப் போனதும் தெரிந்தது. 2008 ஜூன் 5-ம் தேதி பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், விமானப்படைச் செயலாளர் மைக்கேல் வின், தளபதி ஜெனரல் மோஸ்லி இருவரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார். கோட்டு சூட்டும் போனது, சீருடையும் போனது. அங்கே எல்லாம் உத்தமம் என்று நினைக்க வேண்டாம். அதே விமானப்படையின் கொள்முதல் பெண் அதிகாரி ஒருவர், போயிங்கோடு பேரம் பேசிக்கொண்டே அங்கே தனக்கு வேலையும் பேசியதற்காக 2004-ல் ஒன்பது மாத ஜெயில் தண்டனை பெற்றார். ஆனால் அங்கே பொறுப்புக்கு ஒரு பெயர், ஒரு முகவரி இருக்கிறது. நம் விதிகளில் நாட்டின் பாதுகாப்பு என்ற பொறுப்பு, 1961-லிருந்து, பாதுகாப்புத் துறைச் செயலாளர் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியின் இலாகாவில் எழுதப்பட்டிருக்கிறது. 22 வருஷ ஃபைலுக்காக அப்படி ஒருவர் வேலையிழந்தார் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

2019 டிசம்பரில் தலைமைத் தளபதி பதவியை உண்டாக்கி, அவரையே ஒரு துறையின் செயலாளராகவும் ஆக்கினார்கள். சீருடை முதல்முறையாக செக்ரட்டேரியட்டுக்குள் வந்தது. நல்ல திருத்தம். ஆனால் பெரிய கொள்முதல் இன்னமும் பழைய இடத்தில்தான்.

அந்தக் கொள்முதலில் ஒரு சிக்கலைத் திருப்பூர்க்காரர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். தேஜஸ் விமானத்தை வாங்குவது விமானப்படை. செய்வது ஹெச்.ஏ.எல். வடிவமைத்த அமைப்பு பாதுகாப்புத் துறையுடையது. பறக்கத் தகுதியா என்று சர்டிபிகேட் தருவதும் பாதுகாப்புத் துறை ஆள்தான். பனியன் கம்பெனி, நிட்டிங், டையிங், செக்கிங் எல்லாம் ஒரே குடும்பத்து சிஸ்டர் கன்சர்ன் என்றால் சரக்கு லேட்டானதற்கு யார் யாருக்கு டெபிட் நோட் போடுவது? எக்ஸ்போர்ட் என்றால் பையர் வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிறான். கப்பல் தவறினால் சொந்தச் செலவில் ஏர்-ல் அனுப்ப வேண்டும், லாபம் மொத்தமும் காலி. அந்த பயம் இங்கே யாருக்கும் கிடையாது. அதற்காக ஹெச்.ஏ.எல்.லை மட்டும் மொத்தவும் மனம் வரவில்லை. 2018 கடைசியில் சம்பளம் போடக் காசில்லாமல் 962 கோடி ஓவர்டிராஃப்ட் எடுத்தது அந்தக் கம்பெனி. படைகளிடமிருந்து வர வேண்டிய பாக்கி நின்றுபோனது. பேமென்ட் வராமல் பாங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்த அனுபவம் நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது!

1983-ல் அனுமதி பெற்ற தேஜஸ், 2001 ஜனவரி 4-ல் முதலில் பறந்தது. 2016-ல் முதல் ஸ்க்வாட்ரன். 2018-ல் அது நம் சூலூருக்கு வந்தது. 2020-ல் இரண்டாவது ஸ்க்வாட்ரனும் சூலூரிலேயே. மேம்பட்ட ரகம் 83-க்கு 2021 பிப்ரவரியில் சுமார் 48,000 கோடி ஒப்பந்தம். 2024-ல் வரத் தொடங்க வேண்டும். அமெரிக்க இன்ஜின் தாமதம், சோதனை தாமதம், 2025 முடியும்வரை ஒன்றும் படையில் சேரவில்லை. அதற்குள் 2025 செப்டம்பர் 25-ல் இன்னும் 97-க்கு 62,370 கோடியில் கையெழுத்து. மறுநாள் சண்டிகரில் மிக்-21-களுக்கு வழியனுப்பு விழா. அனுமதிக்கப்பட்டது 42 ஸ்க்வாட்ரன், அந்த விழாவுக்குப் பிறகு கையில் இருந்தது 29. அந்த வருஷம் மே மாதமே விமானப்படைத் தளபதி, டெல்லியில் தொழிலதிபர்கள் கூட்டத்தில், தனக்குத் தெரிந்து எந்தத் திட்டமும் சொன்ன தேதியில் முடிந்ததில்லை, கையெழுத்துப் போடும்போதே வராது என்று தெரிகிறது என்று வெளிப்படையாகக் குமுறினார். ஒரு தளபதி மைக்கில் புலம்ப வேண்டிய நிலை வந்ததென்றால், ஃபைலில் எழுதியது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

நவம்பர் 21-ம் தேதி துபாய் கண்காட்சியில் தேஜஸ் விழுந்தது. ஓட்டியவர் சூலூர் ஸ்க்வாட்ரன்காரர். உடல் சூலூருக்குத்தான் முதலில் வந்தது.

உடுமலையிலிருந்து அமராவதி அணைக்குப் போகிற வழியில், அமராவதிநகரில் ஒரு சைனிக் பள்ளி இருக்கிறது. 1962 ஜூலை 16-ல் தொடங்கியது, சீன யுத்தத்துக்கு மூன்று மாதம் முன்னால். சைனிக் பள்ளித் திட்டத்தை ஆரம்பித்தவர் கிருஷ்ண மேனன். யுத்தம் முடிவதற்குள் பதவியை இழந்தவர் அவரே. பள்ளி நிலைத்துவிட்டது. அந்தப் பள்ளிகளை நடத்தும் சொசைட்டிக்குத் தலைவர் யார் தெரியுமா? பாதுகாப்பு அமைச்சர். 2021-ல், தேஜஸ் ஒப்பந்தம் கையெழுத்தான வருஷம், ஆறாம் வகுப்பில் சேர்ந்த பையன் 2028-ல் பிளஸ் டூ முடிப்பான். கடக்வாஸ்லாவில் மூன்று வருஷம், பிறகு ஹைதராபாத்தில் பறக்கும் பயிற்சி, 2032 வாக்கில் சட்டையில் இறக்கை குத்துவார்கள். அந்த 97 விமானங்களில் கடைசியானது அதற்கும் பின்னால்தான் வரும், அதுவும் எல்லாம் தேதிப்படி நடந்தால். அந்தப் பையனின் அப்பா அனேகமாக ஏதாவது மில்லிலோ பனியன் கம்பெனியிலோ வேலை பார்ப்பார். டெலிவரி தேதி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.